விவசாயி பக்கம் திரும்பிய திரை
அரசாங்கத்தில் டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட்: பெயர் வெளியே தெரியாது, தவறு மட்டும் கோடிப் பேருக்குத் தெரியும்

கர்நாடக விவசாயிக்கு வங்கிக் கடன் வேண்டுமானால் முதலில் பஹணி வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன பயிர், என்ன வில்லங்கம் என்று சொல்லும் காகிதம் அது. நம் ஊர் சிட்டா அடங்கலுக்கு அண்ணன் தம்பி. 1990களில் அதை வாங்கக் கிராமக் கணக்கரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. மாநிலம் முழுக்க அப்படிச் சுமார் 9,000 கணக்கர்கள். பதிவேடு அவர்கள் பெட்டிக்குள். பெட்டி திறக்க நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரக்கணக்கில் ‘செலவு’ ஆனது.

2002 வாக்கில் காட்சி மாறியது. தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் கம்ப்யூட்டர் பிரிண்ட் கிடைத்தது. கவுன்ட்டரில் இரண்டு திரைகள். ஒன்று ஊழியரைப் பார்த்து. மற்றொன்று விவசாயியைப் பார்த்து. தன் நிலத்தைப் பற்றி ஊழியர் என்ன தட்டுகிறார் என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது திரை தானாக வந்துவிடவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து, செலவுக் கணக்கில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட் செய்யும் வேலை இதுதான். புரோகிராம் எழுதுவது பிற்பாடு. எந்தத் தகவல் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், இயந்திரம் மக்கர் செய்தால் என்ன வழி என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முக்கியம்.

‘பூமி’ என்று பெயரிடப்பட்ட இந்தத் திட்டத்தில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் கம்ப்யூட்டரில் ஏறின. திட்டத்தை நடத்தியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ராஜீவ் சாவ்லா. சாஃப்ட்வேர் தயாரித்தது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.). பட்டா மாற்ற மனுக்கள் வந்த வரிசையிலேயே பைசல் ஆக வேண்டும் என்பது சாஃப்ட்வேருக்குள் பதிந்த விதி. வேண்டியவர் மனுவை மேலே இழுத்துப் போட முடியாது. ஊழியர் கைரேகை வைத்தால்தான் உள்ளே நுழைய முடியும். பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று கைவிரிக்க முடியாது. சட்டப் புத்தகத்தில் பல காலம் தூங்கிய நியாயங்கள் சில, இப்படிக் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தன.

இந்த வேலைக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. முதல் பாதை நேரானது, நீளமானது. 1976இல் தொடங்கப்பட்ட என்.ஐ.சி.யைக் கட்டி எழுப்பியவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற என். சேஷகிரி. பொறியியல் படித்தவர்கள் போட்டித் தேர்வு எழுதி இங்கே ‘சயன்டிஸ்ட்-பி’யாக நுழைகிறார்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பிறகு சி, டி, இ என்று எழுத்து எழுத்தாக ஏற வேண்டும். அடுத்த தெருவில் இருக்கும் தனியார் கம்பெனியில் சம்பளம் கூடுதல். பெங்களூரில் இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கலெக்டர்கள் மாற்றலாகிப் போன பிறகும் பழைய சாஃப்ட்வேரின் சூட்சுமம் தெரிந்தவராக இந்த என்ஜினீயரே மிஞ்சுகிறார். அவருடைய அதிகாரம் அதுதான்.

இரண்டாவது பாதை பக்கவாட்டில் திறந்தது. 2009இல் இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனி ஆதார் ஆணையத்தின் தலைவரானபோது அதன் தொழில்நுட்ப மையம் பெங்களூரில் அமைந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஸ்ரீகாந்த் நாதமுனி தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். தனியார் சாஃப்ட்வேர் துறையிலிருந்து வந்த பிரமோத் வர்மா தலைமை ஆர்க்கிடெக்ட் ஆனார். சம்பளமில்லாத் தொண்டர்களாகவும் சிலர் வந்து சேர்ந்தார்கள்.

இவர்கள் எடுத்த முடிவுகளும் சின்னதாகத்தான் தெரியும். 12 இலக்க எண்ணில் ஊர், சாதி, பிறந்த தேதி எதையும் ஊகிக்கக்கூடிய குறிப்பு இருக்கக் கூடாது. எண்ணைத் தட்டுவதில் பிசகினால் கண்டுபிடிக்கக் கடைசி இலக்கம் உதவ வேண்டும். ‘இவர் அவர்தானா?’ என்று கேட்டால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பதில் வர வேண்டும். 2016 ஏப்ரலில் ஆதார் எண் பெற்றவர்கள் 100 கோடியைத் தாண்டினார்கள்.

சிக்கலும் அந்த ‘இல்லை’யில்தான். வயல் வேலையில் ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்க மறுத்தால் அரிசிக்கு என்ன வழி? தனியார் கம்பெனியின் சாஃப்ட்வேர் பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போவார். ரேஷன் அட்டைக்காரர் வேறு எந்த அரசாங்கத்துக்குப் போவார்? நூற்றுக்கு 99 பேருக்குச் சரியாக இயங்கினால் தனியார் துறையில் கைதட்டல். 100 கோடிப் பேரில் மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதம் ஒரு கோடிப் பேர்.

‘பூமி’யும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. தாலுகா அலுவலகத்தில் குவிந்த பதிவுகள், பெங்களூரைச் சுற்றி நிலம் வளைக்கும் பெரிய கைகளுக்கே வசதியாகிவிட்டன, லஞ்சமும் ஒழியவில்லை என்று 2007இல் சாலமன் பெஞ்சமின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணக்கரின் பெட்டியைப் பிடுங்கினால் போதாது. அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்றும் ஆர்க்கிடெக்ட் பார்க்க வேண்டும்.

ஆதாருக்கு எதிரான கேள்வியும் பெங்களூரிலிருந்தே கிளம்பியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில் 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டம் பிழைத்தது. ஆனால் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பிரிவுக்குக் கத்தரி விழுந்தது. புட்டசாமி 2024 அக்டோபரில் காலமானார்.

அரசாங்கத்தில் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் கவனிக்க வேண்டியது இதைத்தான். கம்ப்யூட்டர் அறிவு வேலை வாங்கித் தரும். அதற்கு மேல் கோப்பு நகரும் விதம் தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், ஏலத்தில் வென்ற கம்பெனியின் சாமர்த்தியம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இயந்திரம் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு அந்த மனிதர் எந்த வாசலுக்குப் போவார் என்பதைக் கோட்டுப்படத்திலேயே வரைந்துவிட வேண்டும்.

அந்த வாசலை வரைந்தவர் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. தாலுகா அலுவலகத்தில் இரண்டாவது திரையை வைக்கச் சொன்னவர் யார் என்று அங்கே நின்ற விவசாயியும் கேட்கவில்லை. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பஹணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.