முப்பது சென் மீதி

பந்திங்கில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது பள்ளிக்குப் போவது பேரனின் முறை. மலேசியாவில் வழக்கமாக ஏழு வயதாகும் ஆண்டில் பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகிறது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்.

"உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்வான் டீச்சர்!" என்று பெற்றோர் பெருமைப்படுவார்கள். நான் கேட்பது வேறு: கழிப்பறைக்குத் தனியாகப் போவானா? வீட்டில் உட்கார்ந்து பழகிய பிள்ளை, குந்தும் கழிப்பறையைப் பார்த்ததும் மிரண்டு அடக்கிக்கொள்ளும். பிறகு சிலுவார் நனையும், அழுகை. தமிழ்ப்பள்ளியிலும் மலாய் ஆசிரியர் வருவார். அவரிடம் கேட்க 'தண்டாஸ்' (கழிப்பறை) என்ற ஒரு மலாய்ச் சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சிற்றுண்டிச்சாலை. அதற்குப் பழக்க, போன வாரம் கடையில் பேரன் கையில் ஒரு ரிங்கிட் கொடுத்து, எழுபது சென் வடையை அவனையே வாங்கச் சொன்னேன். வடையோடு ஓடி வந்தான்.

"மீதி எங்கடா?"

"அந்த அங்கிள் தரலையே பாட்டி."

"நீ கேட்டியா?"

திரும்ப அனுப்பினேன். முப்பது சென் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

பென்சில் பிடிக்க விரலில் வலு வேண்டும். அதற்குப் பயிற்சிப் புத்தகம் எதற்கு? பூண்டு உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும். எங்கள் வீட்டில் பூண்டு பாதி தரையில்தான் கிடக்கிறது, பரவாயில்லை.

சப்பாத்து இப்போது கறுப்பு. 2021-இல் கட்டாயமாக்கினார்கள், வாராவாரம் வெள்ளை பூசும் வேலை போனது. நாடா கட்ட வராவிட்டால் ஒட்டும் பட்டை வைத்ததை வாங்குங்கள். என் மகனே மூன்றாம் ஆண்டில்தான் நாடா கட்டினான்.