இரும்பும் இதயமும் – 9: நீர் வடியும் வரை

திருநீர்மலைப் படிக்கட்டில் பாதி ஏறியதும் அந்தத் தம்பி நின்றுவிட்டார். 27 வயது. புஜச் சுற்றளவு 41 சென்டிமீட்டர். மூச்சு வாங்கவில்லை; பின்மண்டையில் நாடி அடிப்பது கேட்கிறது என்றார். "ஊசியை விட்டு அஞ்சு வாரம் ஆச்சுண்ணா. வீட்டு பிரஷர் மெஷின்ல இன்னும் 150 காட்டுது. விட்டா இறங்கிடும்னுதானே ஜிம் மாஸ்டர் சொன்னாரு?"

இறங்கும். ஆனால் அவசரப்படாது.

டெஸ்டோஸ்டிரோன், டெக்கா போன்ற, தசையை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்குகின்றன. பெருந்தமனியை விறைக்கச் செய்கின்றன. ஊசியை நிறுத்தினாலும், எண்ணெயில் கரைத்துப் போட்ட மருந்து தசையிலிருந்து வாரக்கணக்கில் கசிந்துகொண்டேதான் இருக்கும். சிவப்பணுவின் ஆயுளோ சுமார் 120 நாள். ஐந்து வாரத்தில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த மலைக்கே ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். அது வடிய ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலபுராணம். தம்பிக்கும் அந்தக் கதையைத்தான் சொன்னேன்.

நெதர்லாந்தில் ஹார்லம் ஆய்வு என்று ஒன்று நடந்தது. தாங்களாகவே ஊசி போட்டுக்கொண்ட 100 ஆண்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். போட்டுக்கொண்ட காலத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி ஏறியது. நிறுத்திய பின் பழைய இடத்துக்குத் திரும்பியது. நிம்மதி தரும் செய்திதான். ஆனால் அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. ஊசியை விட்டவர்களின் இதயம், விடாதவர்களுடையதைவிட நன்றாகச் சுருங்கி விரிந்தது. இதயத் தமனியில் படிந்த கொழுப்பு மட்டும், ஆயுளில் மொத்தம் எத்தனை ஆண்டு போட்டார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. விட்டதும் அது கரைந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

அளக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தம்பியின் மெஷினை வாங்கிப் பார்த்தேன். கைப்பட்டையில் '22–32 செ.மீ.' என்று அச்சடித்திருந்தது. 41 சென்டிமீட்டர் கையில் அதை இழுத்துப் பிடித்துச் சுற்றியிருக்கிறார்! சின்னப் பட்டை பெரிய கையில் அளவைக் கூட்டித்தான் காட்டும். 2023-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளி கூடுதலாக வந்தது. குரோம்பேட்டையில் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பெரிய பட்டையால் இருமுறை அளந்தார்: 138/88. நல்ல அளவு என்று சொல்ல முடியாது. பயந்து நடுங்கவும் வேண்டியதில்லை.

'ஸ்டீராய்டைத் திடீரென்று விடக்கூடாது' என்று ஜிம்மில் சொல்வார்கள். அது ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மாதக்கணக்கில் தரும் பிரெட்னிசலோன் வகைக்கான எச்சரிக்கை. தசை ஊசியை விடும்போது வருவது வேறு தொல்லை. விரை தூங்கிப்போயிருக்கும்; சொந்த ஹார்மோன் சுரக்க மாதங்கள் ஆகும். அதுவரை சோர்வு, தூக்கமின்மை, கண்ணாடியில் இளைத்துத் தெரியும் தோள். பலர் மீண்டும் ஊசியை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். இன்னும் மோசம், 'சோர்வு போக' என்று மெபென்டர்மின் ஊசியைக் கையில் திணிப்பது. அறுவை சிகிச்சையின்போது சரிந்துவிட்ட ரத்த அழுத்தத்தை மேலே தூக்குவதற்கான மருந்து அது! அழுத்தம் இறங்கக் காத்திருப்பவனுக்கு அதைக் கொடுப்பது கொலைபாதகம் என்றே சொல்வேன்.

ஊசிக் காலத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், பழைய அளவிலேயே ஓட்டவும் வேண்டாம். உடம்பு நீரை விடும்போது அதே மாத்திரை தலைசுற்ற வைக்கும். அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை.

தம்பிகளே, என்ன ஊசி, எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் போலீஸ் இல்லை. காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்தும் 140-க்குக் கீழே வராவிட்டால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 180-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பார்வை மங்கலோ வந்தால் ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள்.

(தொடரும்)