பாழிடமும் பழம்படமும்: ஈர்ப்பின் இயல்பு குறித்த ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பழைய ஒளிப்படங்களும் கைவிடப்பட்ட இடங்களும் காண்போரைத் தொடர்ந்து ஈர்த்து வருகின்றன. இவ்வீர்ப்பு அச்சத்தாலும் வியப்பாலும் மட்டும் விளைவதன்று. தொல்காப்பியம் அழுகைக்குரிய களன்களுள் ஒன்றாகக் கூறும் ‘அசைவு’ இதில் முதன்மையான பங்கு வகிக்கிறது. ஓரிடத்தின் முன்னிலையை அறிந்தாலன்றி அசைவு தோன்றாது. சங்கப் பாடல்கள், தொடக்கக்கால ஒளிப்படங்கள், தனுஷ்கோடி ஆகியவற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அசைவு, பாழ், பொதியில், ஒளிப்படம், தனுஷ்கோடி.

முன்னுரை

கூரை இழந்த கட்டடம் ஒன்றைக் காண்பவர் சற்றே நின்று நோக்குகிறார். பெயர் தெரியாத குடும்பத்தின் மங்கிய படம் கையில் கிடைத்தால் அதை உடனே கீழே வைக்க மனம் வருவதில்லை. இரண்டிலும் அழகென்று சொல்லத்தக்கது பெரிதாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். எனினும் ஈர்ப்பு உண்டு. இதனை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ‘அமானுடம்’, ‘மர்மம்’ என்னும் சொற்களைக் கையாளுகின்றனர். அச்சொற்கள் உணர்வின் மேற்பரப்பை மட்டுமே தொடுகின்றன. தமிழ் மரபு இவ்வுணர்வை நுணுக்கமாகப் பகுத்துக் காண்பதற்குரிய கருவியை முன்னரே வழங்கியுள்ளது.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு களன்களில் பிறக்கும் என வகுக்கிறது. பாழிடத்தைக் காணும்போது எழும் உணர்வில் மூன்று மெய்ப்பாடுகள் கலந்துள்ளன எனலாம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றால் பிறப்பது அச்சம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றால் பிறப்பது மருட்கை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றால் பிறப்பது அழுகை.

இவற்றுள் அசைவு என்னும் களன் இங்கு இன்றியமையாதது. முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலை எய்தி வருந்துதலையே பேராசிரியர் அசைவு என்று விளக்குகிறார். இருட்டும் தனிமையும் இருந்தால் அச்சம் தோன்றிவிடும்; காணாதது ஒன்றைக் கண்டால் மருட்கை தோன்றிவிடும். அசைவுக்கு அவை போதா. அதற்கு முன்பிருந்த நிலை இன்னதென்ற அறிவு வேண்டும். எனவே அச்சமும் மருட்கையும் அறியாமையிலும் தோன்றக்கூடியவை. அசைவோ அறிவின் வழியாக மட்டுமே தோன்றுவது.

சங்கப் பாடல்களில் பாழ்

சங்கப் புலவர்கள் பாழைப் பாடும் முறை இதற்குச் சான்றாகிறது. புறநானூற்று 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பகைவர் நாட்டின் பொதியில் ஒன்றைக் காட்டுகிறார். கடவுள் தூணை விட்டு நீங்கியது, பலி நின்றது. அப்பொதியிலில் நரைத்த முதியோர் நாள்தோறும் வல்லாடிக் காய்களை நகர்த்தியதால் தரை குழிந்திருந்தது. இப்போது அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஊர் அழிந்தது என்று மட்டும் புலவர் கூறியிருக்கலாம். அவ்வாறன்றி, ஆட்டத்தால் தேய்ந்த குழியைக் காட்டுகிறார். அக்குழி பல ஆண்டுகளின் ஓய்வையும் உரையாடலையும் உள்ளடக்கியது. அதை ஏற்படுத்தியவர் இல்லாமையே அங்கு உணரப்படுகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அகநானூற்று 167ஆம் பாடலில் பாழிடமும் பழம்படமும் ஒருங்கே இடம்பெறுகின்றன. மக்கள் நீங்கிய ஊரின் அம்பலத்தில் எழுதப்பட்டிருந்த கடவுள் போய்விட்டதால் பலியிடுதல் மறக்கப்பட்டது; திண்ணை மெழுகப்படாமல் புல்லென்று கிடக்கிறது. நாள்தோறும் திண்ணையை மெழுகிய கை எது என்று பாடல் கூறவில்லை. ஆயினும் மெழுகப்படாமை என்ற ஒன்றால் அந்தக் கை நம் கண்முன் வருகிறது.

இதே புலவரின் பட்டினப்பாலை, கரிகாலன் பகைவர் நாடுகளைப் பாழாக்கியதை விரித்துரைக்கிறது. அங்கும் ஒவ்வோர் இடமும் முன்னர் நிகழ்ந்த செயலோடு இணைத்தே கூறப்படுகிறது. மகளிர் அந்தியில் விளக்கேற்றிய, வழிப்போக்கர் தங்கிய பொதியிலில் இப்போது யானைகள் தூணை உரசிக்கொண்டு உறைகின்றன. விழா நிகழ்ந்த மன்றில் நெருஞ்சியும் அறுகும் பரந்துள்ளன. நெற்குதிர்கள் நிறைந்திருந்த வீட்டில் நண்பகலிலேயே கூகை குழறுகிறது. பேய்மகளிரும் இப்பகுதியில் இடம்பெறுகின்றனர், அச்சம் விலக்கப்படவில்லை. எனினும் அச்சத்திற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: எது இருந்தது, எது அதன் இடத்தைப் பிடித்தது என்னும் கணக்கு.

இப்பகுதி மன்னனின் வெற்றியைப் புகழும் நோக்கில் அமைந்தது என்பதை மறத்தலாகாது. பாழ் தானாக நேர்ந்ததன்று, ஒருவரால் ஆக்கப்பட்டது. புலவர் அதனை மறைக்கவில்லை. பாழின் காரணத்தைச் சொல்வதும் இம்மரபின் ஒரு கூறாகும்.

ஒளிப்படத்தின் வெறுமை

ஒளிப்படக்கலை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் டாகர் எடுத்த பாரிசு நகரச் சாலைப் படம் ஒன்று புகழ்பெற்றது. அகன்ற சாலை, இருபுறமும் மரங்கள், மக்களோ வண்டிகளோ இல்லை. கைவிடப்பட்ட நகரம் போன்ற தோற்றம். உண்மையில் அச்சாலை நடமாட்டம் மிகுந்தது. படத்தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், அசைந்தவை எவையும் பதியவில்லை. காலணிக்கு மெருகிட ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் எஞ்சியது. பழம்படங்களில் நாம் உணரும் அமானுட அமைதியின் ஒரு பகுதி இவ்வாறு கருவியின் எல்லையால் விளைந்ததாகும். நின்றவர் எஞ்சினார், நடந்தவர் மறைந்தனர்.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அவருடைய மதுரைப் படங்களில் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்த நிலையில் காணப்படுகிறது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் அது சீரமைக்கப்பட்டது. இன்று அரண்மனைக்குச் செல்பவர் காணும் செப்பமான தூண்களை மட்டும் அறிந்தவருக்கு அப்படம் வெறும் வியப்பாகும். இடையில் நேர்ந்த அழிவையும் சீரமைப்பையும் அறிந்தவருக்கு அது வரலாறாகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை டிரைப் 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அங்கு ஒளிப்படம் காட்சியாக மட்டும் நில்லாமல் படித்தற்குரிய ஏடாகவும் ஆகிறது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட ஒளிப்படம் பற்றிய நூலில், மறைந்த தம் தாயின் சிறுவயதுப் படத்தை விரிவாகப் பேசுகிறார். ஆனால் அப்படத்தை நூலில் சேர்க்கவில்லை. அவருக்கு உயிரான அப்படம் பிறருக்கு எண்ணற்ற பழம்படங்களுள் ஒன்றாகவே இருக்கும் என்பது அவர் கருத்து. தாயை அறிந்தவருக்கே அங்கு அசைவு தோன்றும் என நம் மரபின் சொல்லால் இதனை விளக்கலாம்.

தனுஷ்கோடி: ஒரு சான்று

இக்கருத்துகளைப் பொருத்திக் காண்பதற்குத் தனுஷ்கோடி தக்க இடம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி, இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் துறைமுகமாயிற்று. சென்னையிலிருந்து போட் மெயில் தொடர்வண்டியில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு நோக்கிச் சென்றனர். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலும் எழுந்த கடலும் ஊரை அழித்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் தொடர்வண்டி கடலில் மூழ்கி, அதில் வந்தோர் உயிரிழந்தனர். ஊர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. மாதா கோயிலின் சுவர்களும் தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன.

இன்று இவ்வூருக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘பேய் நகரம்’ என்பது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு பயணிகள் பெருகினர். இடிந்த சுவர்களின் படங்களும் பெருகின. அச்சுவர் எக்கட்டடத்தினுடையது என்னும் குறிப்பு இல்லாமல் பரவும் படத்தில் அச்சமும் மருட்கையும் மட்டுமே எஞ்சுகின்றன. பயணச்சீட்டு வாங்க வரிசையில் நின்றவர், கப்பலுக்குச் சுமை ஏற்றியவர், அஞ்சல் பிரித்தவர் ஆகியோர் அதில் இடம்பெறுவதில்லை. மேலும், மீனவர் குடும்பங்கள் அங்கு இன்றும் குடிசைகளில் வாழ்ந்து கடல் தொழில் செய்து வருகின்றன. ‘பேய் நகரம்’ என்னும் பெயர் இறந்தோரின் வாழ்வை மறைப்பதோடு, வாழ்வோரின் இருப்பையும் மறைக்கிறது. டாகரின் படத்தில் மனிதரை நீக்கியது கருவியின் எல்லை. இங்கு நீக்குவது காண்போரின் விருப்பம்.

முடிவுரை

பழம்படமும் பாழிடமும் ஒன்றையொன்று நிரப்புவன. படத்தில் கணம் இருக்கிறது, இடம் இல்லை. பாழில் இடம் இருக்கிறது, கணம் இல்லை. இரண்டையும் இணைப்பது அவற்றைப் பற்றிய செய்தி: யார், எங்கே, எப்போது, என்ன செய்தனர் என்பது. அச்செய்தி அழிந்தால் ஈர்ப்பு அழிவதில்லை; அதன் தரம் தாழ்ந்து வெறும் திகிலாக நின்றுவிடுகிறது. வீடுகளில் உள்ள பழம்படங்களின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைத்தல், அழிந்த ஊர்களில் வாழ்ந்தோரின் வாய்மொழிகளைத் தொகுத்தல், எஞ்சிய கட்டடங்களின் பயன்பாட்டை ஆவணப்படுத்துதல் ஆகியவை இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணிகளாகும். அறிந்தோர் முதுமையடைந்து வருவதால் இவற்றை ஒத்திப்போட இயலாது. குழிந்த வல்லாட்டத் தரையைக் கண்டு ஆடியவரை நினைத்த புலவரின் நோக்கே பாழை நோக்குவதற்குரிய நெறி எனத் துணியலாம்.