பள்ளிப் பெயர்ப் பலகையில் தொடங்கும் ஆட்சிப் பாடம்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிக் கிராமங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் முகப்பில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி ஆகியவற்றின் பணிகளைச் சிறுவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு அந்தப் பலகையே முதல் பாடநூலாக அமையும். ஊராட்சி ஒன்றியம் என்பது பல கிராம ஊராட்சிகளை உள்ளடக்கிய உள்ளாட்சி அமைப்பு. பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பது அதன் பொறுப்பு. ஆயினும் உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியர் 1981 முதல் மாநில அரசின் ஊழியராக இருக்கிறார், மாணவர் கையிலுள்ள புத்தகத்தைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் அச்சிடுகிறது. கல்வித் துறையோ, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய துறைகளின் தொகுப்பான பொதுப்பட்டியலுக்கு 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் மாற்றப்பட்டது.

நண்பகலில் மாணவரின் தட்டுக்கு வரும் சத்துணவிலும் இதே கலப்பைக் காணலாம். 1982 ஜூலை 1 அன்று மாநில அரசு தொடங்கிய இத்திட்டத்துக்கு இன்று மத்திய அரசும் அரிசி வழங்குகிறது. முட்டைக்கான செலவை மாநிலம் ஏற்கிறது. கிராமப்புறச் சத்துணவு மையங்களை ஊராட்சி ஒன்றிய அலுவலகம் மேற்பார்வையிடுகிறது. கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல் பகுதியில், அந்த முட்டை எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பணம் தருவது யார் என்ற கேள்விதான் அவர்களுக்குப் புதியது. மூன்று நிலைகளையும் மாடிப்படிபோல் மேலும் கீழுமாக வரைந்து காட்டும் படத்தைவிட, ஒரே தட்டில் மூன்றும் சேர்வதைக் காட்டுவதே உண்மைக்கு நெருக்கமானது.

தெருவிளக்கும் நல்ல பயிற்சி தரும். விளக்கைப் பொருத்திப் பராமரிப்பது ஊராட்சி. அதற்கு மின்சாரம் தருவது மாநில அரசுக்குச் சொந்தமான மின்வாரியம். ஒரு கம்பத்து விளக்கு மட்டும் எரியாவிட்டால் ஊராட்சி அலுவலகத்துக்கும், தெரு முழுவதும் இருண்டால் மின்வாரியத்துக்கும் சொல்ல வேண்டும் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே யோசித்துக் கண்டுபிடிக்கும்.

இதைவிடக் கடினமானது ஆட்களை வேறுபடுத்தி அறிவது. முதியோர் சிலர் இன்றும் ‘மணியக்காரர்’ என்று பழைய பெயரால் அழைக்கும் கிராம நிர்வாக அலுவலர், மாநில வருவாய்த் துறையால் நியமிக்கப்படுபவர். ஊராட்சித் தலைவரோ ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். இவ்விரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, உடனே தேர்தல் நடைபெறாமல் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாகப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை தன் ஊரில் அப்படி ஒருவரைக் காண முடியாமற்போவது வருந்தத்தக்கது.

மத்திய அரசு எதற்கு என்னும் கேள்விக்குக் காவிரி விடை சொல்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை இயக்குவது மாநில நீர்வளத் துறை. ஆனால் அணைக்கு வரும் நீர் கருநாடகத்திலிருந்து வருவதால், பங்கீட்டைக் கவனிக்க இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2018இல் மத்திய அரசு காவிரி மேலாண்மை ஆணையத்தை அமைத்தது இதனால்தான்.

வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபை கூட வேண்டிய நாள்களுள் ஆகஸ்ட் 15உம் ஒன்று. அன்று பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் ஆசிரியர் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று ஓரமாக அமரவைத்தால், தங்கள் தெருவிளக்குக்கு ஊராட்சி செய்த செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதை அவர்கள் நேரிலேயே கேட்கலாம்.