தூதுவளையும் பாட்டனார் வைத்த நிதியும்: மணக்கால் நம்பி ஆளவந்தாரைத் திருத்திப் பணிகொண்ட முறை

ஆசார்ய சிஷ்ய ஸம்பந்தத்தைப் பேசுமிடத்து நம் பூர்வர்கள் ஆசார்யர்களை இருவகையாகப் பிரித்துக் காட்டுவர். சிஷ்யன் நெடுங்காலம் பணிவிடை செய்ய, அதனாலே திருவுள்ளம் உகந்து உபதேசிப்பவர்கள் அனுவ்ருத்தி ப்ரஸந்நாசார்யர்கள். பணிவிடையை எதிர்பாராமல், சேதனன் படும் அனர்த்தத்தைக் கண்டு பொறுக்கமாட்டாமல், கருணை ஒன்றே காரணமாக உபதேசிப்பவர்கள் க்ருபாமாத்ர ப்ரஸந்நாசார்யர்கள். எம்பெருமானாருக்கு முற்பட்டோர் ஓராண் வழியாக உபதேசித்ததையும், எம்பெருமானார் அவ்வரம்பை அறுத்ததையும் உபதேச ரத்தின மாலையிலே மணவாள மாமுனிகள் அருளிச்செய்துள்ளார். இதனைக் கொண்டு, முன்புள்ள ஆசார்யர்களிடம் க்ருபை குறைந்திருந்தது என்று ஒருவர் நினைக்கக்கூடும். அந்நினைவு பொருந்துமா என்பதை, மணக்கால் நம்பி ஆளவந்தாரை ஆட்கொண்ட ஐதிஹ்யத்தை முன்னிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஐதிஹ்யத்தைப் பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவத்திலே விரிவாகக் காணலாம். நாதமுனிகள் தம் சிஷ்யரான உய்யக்கொண்டாரைக் குருகைக் காவலப்பனைப் போல யோகத்தில் இழிய விருப்பமோ என்று வினவினார். உலகத்தார் ஸம்ஸாரத்திலே மாண்டு கிடக்கத் தாம் மட்டும் யோக சுகம் அனுபவிப்பது தகாது என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினார். அவ்விடையால் உகந்த நாதமுனிகள், தம் குமாரர் ஈச்வரமுனிகளுக்குப் பிறக்கவிருக்கும் பேரருக்கு அர்த்தங்களை உபதேசிக்கும் பொறுப்பை அவரிடம் வைத்தார். உய்யக்கொண்டார் அப்பொறுப்பைத் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் ஒப்படைத்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

அந்த மணக்கால் நம்பி தம் ஆசார்யரிடம் எப்படி இருந்தார்? பன்னிரண்டு ஆண்டுகள் அடிமை செய்தார். ஆசார்யரின் தேவிகள் பரமபதித்த பிறகு திருமாளிகைக் காரியம் யாவும் தாமே ஏற்றார். நீராடி மீண்ட ஆசார்யரின் பெண்பிள்ளைகள் சேற்றைக் கடக்கத் தயங்கி நின்றபோது, சேற்றிலே தாம் படிந்து கிடந்து, தம் முதுகின்மேல் அடிவைத்து அவர்கள் கடக்கும்படி செய்தார். அனுவ்ருத்தி என்பதன் எல்லை நிலம் இது. அவ்வெல்லையில் நின்றவரே பின்பு ஆசார்யரானபோது என்ன செய்தார் என்பதே நாம் காண வேண்டுவது.

நாதமுனிகளின் பேரரான யமுனைத்துறைவர் மஹாபாஷ்ய பட்டரிடம் கல்வி பயின்று, இளமையிலேயே சோழனது அவையில் ஆக்கியாழ்வானை வாதில் வென்றார். மகிழ்ந்த அரசி அவரை ‘ஆளவந்தார்’ என்று அழைக்க, பாதி ராஜ்யமும் அவருக்குக் கிடைத்தது. அரண்மனை வாழ்விலே அவர் ஆழ்ந்தார். மணக்கால் நம்பி தேடி வந்தபோது, காவலைக் கடந்து உள்ளே புகுதல் அரிதாயிருந்தது. நம்பி மடைப்பள்ளியிலே தளிகை செய்வாரை அணுகி, ஆளவந்தாருக்கு உகந்த கறியமுது எது என்று கேட்டறிந்தார். தூதுவளை என்று தெரிந்ததும், அக்கீரையைப் பறித்து நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதங்கள் இவ்வாறு நடந்தது. பின்பு நாலு நாள் கீரை கொணராமல் நிறுத்தினார்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஆசார்யன் சிஷ்யனுடைய ஸ்வரூபத்தைப் பேண வேண்டும், சிஷ்யன் ஆசார்யனுடைய திருமேனியைப் பேண வேண்டும் என்பது ஸ்ரீவசனபூஷணத்திலே பிள்ளை லோகாசார்யர் காட்டும் முறை. நம்பியோ, ஆசார்யனாயிருந்து வைத்து, சிஷ்யனாகப் போகிறவருடைய நாவுக்கு உகந்ததைத் தேடிக் கொடுக்கிறார். இது முறை மாறியதன்றோ?

மாறியதன்று. தேஹத்தைப் பேணுகிறபடியாகத் தோன்றினும், நம்பியின் திருவுள்ளம் முழுவதும் ஸ்வரூபத்திலேயே இருந்தது. ஆஹாரம் தூயதானால் ஸத்த்வம் தூயதாகும், ஸத்த்வம் தூயதானால் நினைவு நிலைபெறும், நினைவு நிலைபெற்றால் கட்டுகள் அவிழும் என்று சாந்தோக்ய உபநிஷத்து முறைப்படுத்துகிறது. தூதுவளை ஸத்த்வ குணத்தை வளர்ப்பது என்று பெரியோர் பணிப்பர். ராஜபோகத்தில் ரஜஸ் மிக்கிருந்த உள்ளத்துக்கு முதலில் வேண்டியது சொல் அன்று. சொல்லைத் தாங்கும் பக்குவம். கொடியிலும் இலையிலும் முள் உடைய அக்கீரையை நம்பி ஒருநாள் போலே ஆறு மாதமும் பறித்துச் சுமந்தது அப்பக்குவத்தை விளைக்கவே.

இன்னொரு காரணமும் உண்டு. கேளாதவனுக்குச் சொல்லலாகாது என்பது மனு முதலிய தர்ம சாஸ்த்ரங்களின் நியமம். தத்துவ உபதேசம் சிஷ்யனுடைய கேள்வியை முன்னிட்டே நிகழ வேண்டும். கேட்கும் எண்ணமே இல்லாதவருக்கு ஆசார்யன் என் செய்வது? கேளாமலே சொன்னால் நியமம் குலையும். கேட்கட்டும் என்று வாளா இருந்தால் க்ருபை குலையும். இவ்விரண்டையும் நோக்கி நம்பி கண்ட வழி, அவரையே கேட்கச் செய்தல். கீரையைக் கொடுத்தது ஒரு பாதி. அதை நிறுத்தியது மற்றொரு பாதி. ஆறு மாதம் இடையறாது வந்த ஒன்று இல்லாதபோதுதான், அது எங்கிருந்து வந்தது என்ற நினைவு ஆளவந்தாருக்குப் பிறந்தது.

அங்கிருந்து அவர் கேட்ட மூன்று கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஓர் உள்ளம் படிப்படியாக விழித்தெழுந்தபடி புலனாகும்.

முதற்கேள்வி பரிசாரகர்களிடம் கேட்டது: கீரை ஏன் இல்லை? கேள்வியின் விஷயம் உணவே ஆயினும், விடையாக வந்தது ஒரு மனிதரைப் பற்றிய செய்தி. வயது முதிர்ந்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் கைம்மாறு கருதாமல் கொடுத்துப் போனார், இப்போது வரவில்லை என்றனர். அவர் மீண்டும் வந்தால் தம்மிடம் அழைத்துவரும்படி ஆளவந்தார் நியமித்தார். தமக்காக ஒருவர் நெடுநாள் உழைத்திருக்க, அவரைத் தாம் அறியாதிருந்தோம் என்ற உணர்ச்சி இங்கே முளைத்தது. வாதில் வென்றபோதும் ராஜ்யம் பெற்றபோதும் தோன்றாத உணர்ச்சி இது. அவையெல்லாம் தம் ஸாமர்த்யத்தால் வந்தவை. இதுவோ தாம் ஏதும் செய்யாதிருக்க வந்தது.

இரண்டாம் கேள்வி நம்பியிடமே கேட்டது. ஆளவந்தார் அவரை எதிர்கொண்டு ஆசனத்தில் இருத்தி, பொருள் வேண்டுமோ, நிலம் வேண்டுமோ என்று வினவினார். கொடுப்பவன் தான் என்ற அபிமானம் இன்னமும் தொடர்கிறது. நம்பியின் விடை அதனைத் தலைகீழாக்கிற்று. தமக்கு ஒன்றும் வேண்டா, ஆளவந்தாருடைய முன்னோர் தேடிவைத்த நிதி ஒன்று தம்மிடம் உள்ளது, அதை ஒப்படைக்கும்வரை தம் வரவுக்குத் தடை இல்லாதிருந்தால் போதும் என்றார். ராஜ்யம் உடையவர் பெறுபவராகவும், கீரை சுமந்தவர் கொடுப்பவராகவும் அக்கணத்தில் நிலைமாறினர். புதைந்த பொன்னின்மேல் நாளும் நடந்தும் அதனை அறியாதவர்களைச் சாந்தோக்யம் எடுத்துக்காட்டுமன்றோ? ஆளவந்தாருடைய அந்நாள்வரை இருந்த நிலை அதுவே. நம்பி புதிதாக ஒன்றைத் தருவதாகச் சொல்லாமல், முன்னமே உரியதைத் திருப்பித் தருவதாகச் சொன்னது ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை. ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷமாயிருப்பது ஆசார்யன் உண்டாக்குவதன்று, அவன் உணர்த்துவது.

தடை நீங்கியதும் நம்பி ஸ்ரீகீதையின் பதினெட்டு அத்தியாயங்களையும் அடைவே உபதேசித்தார். கேட்கக் கேட்க ஆளவந்தாருக்கு விஷயங்களில் விரக்தியும், எம்பெருமானிடத்தில் ஆசையும் மிக்கன. அப்போது பிறந்தது மூன்றாம் கேள்வி: அவனை அடைய உபாயம் யாது? இதுவே சிஷ்யன் கேட்க வேண்டிய கேள்வி. இதற்காகவே நம்பி ஆறு மாதம் காத்திருந்தார். சரம ச்லோகத்தின் பொருளை உபதேசித்து, பின்பு திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு மதில்களுக்குள் கண்வளர்ந்தருளும் பெரிய பெருமாளைக் காட்டி, பாட்டனார் வைத்த நிதி இது என்று ஒப்படைத்தார். ஆளவந்தார் ராஜ்யத்தைத் துறந்து அரங்கத்திலேயே தங்கினார்.

நம்பி செய்தது தம் ஆசார்யருடைய நியமனத்தை நிறைவேற்றியதேயன்றி க்ருபா கார்யம் ஆகாது என்று ஆக்ஷேபிப்பாரும் உண்டு. நியமனம் இன்னதைச் செய் என்று விதிக்கும். காவல் தடுத்தபோது மடைப்பள்ளி வாசலில் நிற்கவும், பெயர் சொல்லாமல் ஆறு மாதம் கீரை சுமக்கவும், வயதிலும் ஞானத்திலும் தம்மினும் இளையவருக்குத் தாம் பணி செய்யவும் நியமனம் விதிக்கவில்லை. கடமை மட்டும் நினைத்தவர், வாயிலில் தடுக்கப்பட்டதையே காரணமாகக் காட்டித் திரும்பியிருக்கலாம். அன்றியும், அந்நியமனத்துக்கு மூலம், யோக சுகத்தைத் துறந்த உய்யக்கொண்டாருடைய கருணையன்றோ? ஆகையால் நியமனமும் க்ருபையும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இதனால் தேறுவது யாது? சேற்றிலே கிடந்த நம்பியும் கீரை சுமந்த நம்பியும் ஒருவரே. ஆசார்யருக்குச் செய்த அனுவ்ருத்தியைத் தமக்கும் சிஷ்யன் செய்யக் கடவன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சிஷ்யனுக்குத் தாமே செய்தார். ஓராண் வழி என்பது உபதேசம் பெறுவோரின் தொகைக்கு இட்ட வரம்பு. உபதேசிப்போரின் கருணைக்கு இட்ட வரம்பன்று. அக்கருணை ஒருவர்மேல் பாய்ந்ததை மணக்கால் நம்பியிடம் காண்கிறோம்; அதுவே கரை உடைத்து எல்லார்மேலும் பாய்ந்ததை எம்பெருமானாரிடம் காண்கிறோம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்று இணைப்பவர் ஆளவந்தாரே. தமக்குச் செய்யப்பட்டதை அவர் மறக்கவில்லை. காஞ்சியில் இளையாழ்வாரைக் கண்டு உகந்தும், யாதவப்ரகாசரோடு இருந்த அவரை அழைத்துப் பேசாமல், பேரருளாளனைப் பிரார்த்தித்து மீண்டார். பின்பு பெரிய நம்பியை அனுப்பினார். சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்துவரும் இளையாழ்வாரின் செவியில் விழும்படி பெரிய நம்பி ஸ்தோத்ர ரத்ன ச்லோகங்களை அநுஸந்தித்தார். இளையாழ்வார் தாமே அணுகி, இவை யார் அருளியவை என்று கேட்டார். கீரையின் இடத்திலே ச்லோகம். ஆயினும் முறை ஒன்றே. உகந்ததைக் கொடுத்து, கேள்வியைப் பிறப்பித்து, பிறகே உரியவரிடம் சேர்த்தல்.

மணக்கால் நம்பி உபதேசித்த கீதை, ஆளவந்தாரிடம் முப்பத்திரண்டு ச்லோகங்கள் கொண்ட கீதார்த்த ஸங்க்ரஹமாக விளைந்தது. அதன் வழி நின்றே எம்பெருமானார் கீதாபாஷ்யம் அருளினார். அதன் தொடக்கத்தில் யாமுனரை வணங்குகிறார். அந்த பாஷ்யத்தைக் காலக்ஷேபம் கேட்கும் நாம், அதன் வேர் ஒரு மடைப்பள்ளி வாசலில் ஊன்றியது என்பதையும் உடன் நினைக்கத் தகும். இன்று உபதேசிக்கும் இடத்தில் இருப்போர்க்கு இவ்வைதிஹ்யம் ஒன்றை உணர்த்துகிறது: இளையோர் கேட்க வரவில்லை என்று குறைகூறுவதற்கு முன்பு, அவர்கள் கேட்கும்படி நாம் எதைச் சுமந்து சென்றோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.