நந்திதுர்க் வாசலுக்கு எத்தனை மணி?

"ஏம்பா, அங்கிருந்து வர எத்தனை மணி நேரம் ஆகும்?" கோலார் தங்கவயலில் இருக்கும் நம் பெரியவர்கள் தொலைபேசியில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கலிபோர்னியாவில் குடியேறிய தங்கவயல் குடும்பங்கள் இதற்குச் சரியான விடையை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரி 9ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் அங்கிருந்து புறப்பட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். வடதுருவப் பகதியின் மேலாகப் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள்.

பெங்களூருக்குப் போக வடதுருவம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். வீட்டிலுள்ள உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துக் காட்டுங்கள். நூல் வடதுருவப் பகுதி வழியாகப் போகும். தட்டையான வரைபடத்தில் இது தெரியாது.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் பதினைந்தரை மணி நேரம் போதுமே? ஏறி இறங்கும்போது வேகம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று சில நாள் தள்ளிவிடும், சில நாள் தடுக்கும். வான்வெளி மூடப்பட்டால் சுற்றிப் போக வேண்டும். 2022 முதல் ரஷ்ய வான்வெளியில் அமெரிக்க நிறுவன விமானங்கள் பறக்க முடிவதில்லை. தூரம் மாறாது, நேரம் மாறும்.

தேதிக் கணக்கும் உண்டு. குளிர்காலத்தில் இந்தியா நமக்குப் பதின்மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. ஆகவே சனி இரவு ஏறியவர் திங்கள் விடியற்காலையில் இறங்குகிறார்.

ஆனால் அந்த 17 மணி விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும்தான். என் பெரியப்பா காலமான செய்தி ஒரு குளிர்காலச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தது. அங்கே இரவு ஒன்பதரை. "தம்பி, எடுக்கிறதை எப்போ வச்சுக்கலாம்?" என்று அண்ணன் கேட்டார். அன்றிரவு விமானத்தில் இடம் இருந்தது. குடியுரிமைச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. தேவனஹள்ளியிலிருந்து சாலையில் இரண்டரை மணி. "திங்கள் காலை எட்டு மணிக்குள் வாசலில் இருப்பேன்" என்றேன். செய்தி வந்ததிலிருந்து முப்பத்து நான்கரை மணி நேரம்! அண்ணன் அதற்கேற்ப ஏற்பாடு செய்தார். முகம் பார்க்க முடிந்தது.

நேரடி விமானம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. வழியில் ஓர் ஊரில் மாற வேண்டியிருந்தால் விமானப் பயணமே ஒரு நாளைத் தொட்டுவிடும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இந்தக் கணக்கை இப்போதே போட்டு, ஊரிலுள்ள அண்ணன் தம்பிகளிடம் சொல்லி வையுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டாலும், நம் பெரியவர்கள் சங்கு ஊதும் நேரத்துக்கு ஷிப்ட் பார்த்தவர்கள். "உடனே வந்துவிடுகிறேன்" என்ற சொல்லைவிட, சரியான மணிக்கணக்கே அவர்களுக்கு ஆறுதல் தரும்.