ஒண்ணே போதும்னு ஏன் சொல்றாங்க?

படிச்ச பொண்ணுங்கதான் பிள்ளை பெத்துக்க மாட்டேங்குறாங்கன்னு ஒரே போடா போட்டுட்டீங்க சித்தப்பா. டீயைக் குடிங்க, சொல்றேன். நீங்க சொன்னது பாதிக் கதைதான்.

தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.4 குழந்தை. 2020 கணக்கு இது. மக்கள்தொகை குறையாம நிக்க 2.1 வேணும். அந்த இடத்துக்கு நாம 2000 வாக்குலயே வந்துட்டோம். அப்ப எல்லாரும் டிகிரி முடிச்சா இருந்தாங்க? பள்ளிக்கூடமே போகாத அம்மாக்களும்தான் ரெண்டோட நிறுத்துனாங்க. பிறந்த பிள்ளை தங்கும்ங்கற தைரியம் வந்துச்சு. நமக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்கணும்னு ஆசையும் வந்துச்சு. அதுக்கு ரெண்டுதான் தோதுப்படும்.

பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுக்க 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தது. 1989-ல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல திருமண உதவி வந்தப்ப, பொண்ணு எட்டாவது படிச்சிருந்தாத்தான் பணம். அப்புறம் அது பத்தாவது ஆச்சு. வயசுக்கு வந்ததும் கட்டிக்குடுத்த வீட்டுலகூட 'பரீட்சை முடியட்டும்'னாங்க. கல்யாணம் தள்ளினா முதல் பிரசவமும் தள்ளும். அஞ்சாறு பிள்ளைங்க ரெண்டானது நல்லதுக்குத்தான், அதுல எனக்கு வருத்தமே இல்லை.

ரெண்டு ஒண்ணாச்சு பாருங்க, அங்கதான் வேலையைப் பார்க்கணும். 2024-ல அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சைக்கு 6,244 இடம்னு அறிவிச்சாங்க. விண்ணப்பிச்சது சுமார் 20 லட்சம் பேர். பத்தாவது போதும்ங்கற பரீட்சைக்கு இன்ஜினியரிங் முடிச்சவங்க வந்து உட்கார்றாங்க. 'வேலை கிடைக்கட்டும், பார்க்கலாம்'னு முப்பது வயசு ஓடிடுது. பொண்ணு பார்க்கப் போனா முதல் கேள்வியே 'பர்மனென்ட்டா?'

அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளரை எடுத்துக்குங்க. பேர்லதான் கௌரவம். பிஎச்.டி. முடிச்சிருப்பாங்க, 2024-ல சம்பளம் மாசம் 25,000, அதுவும் வருஷத்துல 11 மாசத்துக்கு. வீட்டு வாடகைக்கு 12 மாசம் உண்டு, எல்கேஜி ஃபீஸ் ஜூன்லயே கட்டணும். அவங்க 'ஒண்ணே போதும்'னா அது ஆசைப்பட்டு எடுத்த முடிவா?

அதே ஊர்ல நிரந்தர அரசு ஊழியரம்மாவுக்கு 2021-லேர்ந்து 12 மாசம் சம்பளத்தோட பேறுகால விடுப்பு, ரெண்டு குழந்தை வரைக்கும். தனியாருக்கும் 2017 சட்டத்திருத்தத்துலேர்ந்து 26 வாரம் உண்டு. ஆனா பத்துப் பேருக்குக் கீழ வேலை செய்யற கடைக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஒப்பந்த வேலைன்னா தட்டிக்கழிக்க இன்னும் லேசு. யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க, அடுத்த தடவை புதுப்பிக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

2024 அக்டோபர்ல ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில பதினாறு பெத்துக்கலாமேன்னு பேசினார். மக்கள்தொகை குறைஞ்சா எம்.பி. தொகுதியும் குறைஞ்சிடுமோன்னு அவர் கவலை அவருக்கு. நமக்கு எதுக்குப் பதினாறு? நம்ம மருமக ரெண்டாவது வேண்டாம்னு சொல்லலையே, இப்போ வேண்டாம்னுதானே சொல்றா. அவ ஒப்பந்தம் எந்த மாசம் முடியுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.